ஐந்தாவது கவுண்ட்டர் நாற்காலி

"வந்து முழுசா ரெண்டு வாரம் ஆகல. அதுக்குள்ள நடுக்கடையில நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு பாரு, துரை!"

மளிகைக் கடையின் முதல் பில் கவுண்ட்டரில் நின்றபடி பெரியக்கா பொருமினாள். கடையிலேயே மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் பெரியக்கா.

"மெதுவாக்கா. புது மேனேஜர் காதுல விழுந்துடப்போகுது" என்றாள் பக்கத்து கவுண்ட்டர் பெண்.

"விழட்டுமே. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

கோபத்தில் நியாயம் இருந்தது. பில் போடுகிறவர்கள் உட்காரவே கூடாது என்பது இந்தக் கடையில் முதலாளி போட்ட சட்டம். சாமான் வாங்க வந்தவர் நிற்கும்போது நாம் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்பார். பதினோரு வருஷமாக, நாளைக்கு ஒன்பது மணி நேரம் நின்று நின்று பெரியக்காவின் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. சாயங்காலம் கால் வீங்கிவிடும் என்று செருப்பையே ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவாள்.

மேனேஜருக்கோ மாடியில் தனி அறை, சுழல் நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. அங்கே உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மனிதர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே வீட்டிலிருந்து ஒரு உயரமான நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தார். சும்மா கிடந்த ஐந்தாவது கவுண்ட்டரில் போட்டார். கூட்டம் வரும் நேரமெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்து தானே பில் போட ஆரம்பித்துவிட்டார்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் முன்னால் வந்து ஷட்டரைத் தூக்குவார். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே பெரியக்காவுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. நாலு பெண்கள் கால் கடுக்க நிற்கும்போது, அவர்கள் கண்ணெதிரே உட்கார ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வருகிறது?

பன்னிரண்டாம் நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. டீ இடைவேளையில் சரக்கு அறைக்குள் நுழைந்து முதலாளிக்கே போன் போட்டாள்.

"புகார்னு நினைக்காதீங்க முதலாளி. மனசு கேக்கல, அதான். எங்களுக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டமா?"

"என் கடையில உக்காந்துக்கிட்டா பில் போடறாரு? நாளைக்கே வரேன். நீ சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

முதலாளிக்கு நாலு கடை. இந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தே ஆறு மாதம் ஆகிறது. சொன்னபடி மறுநாள் பதினோரு மணிக்கு வந்து நின்றார்.

மேனேஜர் உட்கார்ந்துதான் இருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை.

"வாங்க சார். இந்தம்மாவுக்கு மட்டும் பில்லை முடிச்சுடறேன்."

போன் செய்தபோது இருந்த வீராப்பு இப்போது பெரியக்காவுக்கு இல்லை. 'மூணு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்' என்று சொல்லித்தான் இவரை எடுத்திருந்தார்கள். வேலை போய்விட்டால்?

"இருபது வருஷமா இந்தக் கவுண்ட்டர்ல ஒருத்தர் உக்காந்ததில்ல!" முதலாளி கத்தினார். "வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் உக்காந்தேன். பன்னிரண்டு நாள்ல ஒருத்தர்கூட எதுவும் கேக்கல."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "எங்களுக்கென்னங்க, நீங்க படுத்துக்கிட்டுகூட பில் போடுங்க. சீக்கிரம் போட்டா சரி" என்றார்.

முதலாளி விடுவதாக இல்லை. மரியாதை என்றார், ஒழுங்கு என்றார், தான் தலையில் மூட்டை சுமந்து முன்னுக்கு வந்த கதையைச் சொன்னார். மேனேஜர் மெல்ல எழுந்து ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் நின்று பேசியதில் முழங்கால் வலித்ததோ என்னவோ, பேச்சோடு பேச்சாக முதலாளி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலு கவுண்ட்டரிலும் நாலு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியக்கா பழக்க தோஷத்தில் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். முதலாளியின் பார்வை அவள் காலில் போய் நின்றது. அவர் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது.

"நாற்காலி வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுதானே?"

"சேர்ந்த அன்னைக்கே போன்ல கேட்டேன் சார். நேர்ல வரும்போது பேசலாம்னீங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டதுக்கு, புகார் எதுவும் இல்லாத கடைக்கு நான் எதுக்கு வரணும்னீங்க."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், "நாலு கவுண்ட்டருக்கும் இதே உயரத்துல வாங்குங்க" என்றார்.

பெரியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையா துரை, கிரை என்று பேசினோம் என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கிளம்பும்போது முதலாளி வாசலில் நின்று திரும்பினார். "ஆனாலும் நீங்க ஜாக்கிரதையா இருங்க மேனேஜர். உங்ககூட இருக்கறவங்கள்ல ஒருத்தர்தான் போட்டுக் குடுத்திருக்காங்க."

மேனேஜர் முதல் கவுண்ட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும் சார். பன்னிரண்டு நாளா அந்த போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."