லைசென்ஸ் ரத்து

பசுந்தாங் பேட்டையில் நகைப் பட்டறைத் தெருவின் சாக்கடைச் சேற்றை அலசிப் பொன்துகள் பொறுக்கினால்தான் ஆவுடையம்மாள் வீட்டில் உலை கொதிக்கும். அதற்கும் லைசென்ஸ் கட்டணம் கேட்டது பட்டறைச் சங்கம். பெண்களெல்லாம் அலசும் தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சங்க வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீங்க கழுவி ஊத்துன அழுக்குக்குக் காசா?" கத்திக் கத்தி ஆவுடையம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒருவழியாகச் செயலாளர் வெளியே வந்தார். "கட்டணமும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். எழுந்திரிச்சுப் போங்கம்மா."

ஜெயித்த கையோடு மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த அவள் புருஷன், கொத்தனார் அய்யாசாமி, சிரித்தபடி எதிரே வந்தான்.

"எனக்கும் வேலை கெடைச்சிருச்சு!"

"எங்க?"

"தெரியல. விடியுமுன்ன மேஸ்திரி லாரியில கூட்டிட்டுப் போவாரு."

"மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா!"

மறுநாள் காலை தட்டோடு போனவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். சாக்கடை நெடுகிலும் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. இடுக்கில் கலவை பூசிக்கொண்டிருந்த அய்யாசாமி, அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

மேஸ்திரி முறைத்தார்.

"பூசுங்க" என்றாள் ஆவுடையம்மாள். கட்டிய தொண்டையில் குரலே எழவில்லை. "இடுக்கு விடாம நல்லாப் பூசுங்க. இந்த வேலையாவது நமக்கு மிஞ்சட்டும்."