சுவரில் ஒரே புள்ளி

ஆய்வுகூடத்தின் கறுப்புத் திரைகள் இழுத்து மூடியிருக்கின்றன. மேசையில் மண்ணெண்ணெய் நிரப்பிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் தொங்கும் பளிங்குத் துண்டு அதிர்ந்தால், காதுக்கு எட்டாத ஒலி எண்ணெயில் அலையலையாகப் பரவும். குறுக்கே போகும் சிவப்பு லேசர் ஒளி அந்த அலைகளில் பட்டுப் பிரிந்து, எதிர்ச் சுவரில் புள்ளி வரிசையாக விழும். புள்ளிகளின் இடைவெளியை அளந்தால் ஒலியின் அலைநீளம் பிடிபட்டுவிடும். சுவரோரம் அடிமட்டத்தோடு நிற்கும் பர்ஸானா, போன வருட அக்காமார் சொல்லிக்கொடுத்த எண்களை ஒப்புவிக்கிறாள். ஓட்டமாவடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "மெல்லச் சொல்லுகா, வாய்ப்பாடு மாதிரி ஓடுறாய்," என்கிறாள் எழுதிக்கொண்டிருக்கும் தக்ஷாயினி. "புள்ளியப் பாத்துத்தானே சொல்றன். நீ கெதியா எழுது புள்ள."

வல்லிபுரம் சேர் பின்னால் வந்து நிற்கிறார். "அளக்கிறதெண்டா பர்ஸானாவப் பாத்துப் பழகுங்க" என்று காலையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னவர். அவர் சுவரைப் பார்க்கிறார். பர்ஸானாவும் அப்போதுதான் பார்க்கிறாள். அங்கே ஒரே ஒரு புள்ளி. பளிங்கை அதிரவைக்கும் பெட்டிக்கு இன்னும் சுவிட்சே போடவில்லை. அவளுடைய கை தன்பாட்டில் எழுந்து அந்தப் புள்ளியை மறைக்கப் போகிறது. புள்ளி புறங்கையில் ஏறிக்கொள்கிறது. சேர் ஏசவில்லை. சுவிட்சைத் தட்டுகிறார். ஒற்றைப் புள்ளி இரண்டு பக்கமும் விரிந்து அவள் கைமேல் வரிசையாகிறது. "இப்ப சொல்லுங்க மகள்," என்கிறார். தக்ஷாயினி பேனையோடு காத்திருக்கிறாள். பர்ஸானா கையை விலக்குகிறாள். சுவரில் புள்ளிகள் ஆடாமல் அப்படியே நிற்கின்றன.