டம்ளரில் வெள்ளை வளையம்

அந்த ஊர்க் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும். சோப்பு நுரைக்காது. எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் நின்று காய்ந்தாலும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைக் கோடு விழும்.

அங்கே ஒரு தையல்காரி இருந்தாள். அவள் கணவர் எப்போதும் பாதி டம்ளர் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவார். அவர் இறந்த பிறகும், அவருடைய கண்ணாடி டம்ளரில் காலைதோறும் பாதியளவில் வெள்ளை வளையம் இருந்தது. இரவில் கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்தான். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வினிகர் ஊற்றித் தேய்த்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

பிறகு நகராட்சி சுத்திகரிப்பு நிலையம் கட்டி நல்ல தண்ணீர் விட்டது. தெருவே மனம் குளிர்ந்துபோனது. டம்ளர் பளிச்சென்று இருந்தது. வாரக்கணக்கில் பளிச்சென்றே இருந்தது. அவளுக்குத் தையல் ஓடவில்லை.

பிளம்பரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பின்னாடி இருக்கற பழைய போர்வெல் உப்புத் தண்ணிய சமையல்கட்டுக் குழாய்க்கு மாத்திக் குடுங்க."

"என்னம்மா இது? நல்ல தண்ணி வந்ததே இப்பதான். அதைப் போய் வாயில வைக்க முடியுமா?"

"வைக்கறவங்க வைப்பாங்கண்ணே."

பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கணவரின் டம்ளரில் வளையம் திரும்பியிருந்தது. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய டம்ளர் நிமிர்ந்து நின்றது. அதில் விளிம்பு வரை தண்ணீர்.

எடுத்துக் குடித்தாள். உப்புக் கரித்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. மீதியை அப்படியே வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.