டாக்டர் சாட்சி

“குடிச்சிருந்தேன்னே எழுதிக்கங்க டாக்டரய்யா” என்றான் பஸ் டிரைவர் இயேசுதாசன். தலையில் போட்டிருந்த காயக்கட்டுக்குக் கீழே அவன் கண்கள் வறண்டு கிடந்தன.

டாக்டர் ஜெயச்சந்திரனுக்குக் கோபம் வந்தது. “யோவ், வைத்தியம் பாக்குறவன் நானா நீயா? கட்டை மாதிரி கெடந்தே. நரம்புல குளுக்கோஸ் ஏத்தினதும் எழுந்து பேசுறே. சாராயம் குடிச்சவன் அப்படி எழுந்திருப்பானா?”

அது திருப்பதி ஆஸ்பத்திரி. டாக்டரின் பதிலுக்காக வார்டுக்கு வெளியே சப் இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருத்தணி மதராஸுக்கு, புத்தூர் ஆந்திராவுக்கு என்று எல்லையைப் பிரித்து முடித்துவிட்டார்கள். மதுவிலக்கு மட்டும் இரண்டு பக்கமும் பொது. குடித்துவிட்டு பஸ் ஓட்டி ஓர் உயிரைக் கொன்றவனுக்கு ஜெயில் நிச்சயம். இது நோயின் வேலை என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துப் போவான்.

செத்தது யாரோ எவரோ இல்லை. திருப்பதியில் அத்தை வீட்டுக்குப் போவதற்காக முதல் சீட்டில் உட்கார்ந்து வந்த அவனுடைய ஒரே மகள், ஏழு வயது யூனிஸ். மற்றவர்களுக்கெல்லாம் சிராய்ப்போடு போயிற்று. அந்தக் குழந்தைக்குத்தான் விதி முடிந்திருந்தது.

“நீ சொல்லுய்யா, என்ன ஆச்சு?” என்று கண்டக்டர் அப்பாவுவைக் கேட்டார் டாக்டர்.

“நகரியில எடுக்கும்போது நல்லாதான் சார் இருந்தாரு. புத்தூர் கேட்டுல கூட்ஸ் வண்டிக்காக ரொம்ப நேரம் நின்னுட்டோம். லேட்டாயிடுச்சின்னு டிபன் துன்னாமயே எடுத்தாரு. வடமாலப்பேட்ட தாண்டினதும் சட்டயெல்லாம் தொப்பலா நனஞ்சிபோச்சி. பேச்சு கொழறுது. ஒரு கையால சட்டப்பையத் தடவிக்கினே இருந்தாரு. பீடி தேடுறாருன்னு நெனச்சேன். வண்டிய நிறுத்துண்ணான்னு கத்துறேன், யாரோ எவரோன்னு பாக்குறாரு. அப்டியே ஏரிக்கரையில எறக்கிட்டாரு.” அப்பாவு மூக்கை உறிஞ்சினான். “கள்ளுக்கடை இருந்த காலத்துலயே அந்தப் பக்கம் திரும்பாத மனுசன் சார். எங்க வேணா வந்து சொல்றேன்.”

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். “கேட்டியா? இதுதான் சக்கரை இறங்குறது. இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டு வேளைக்குச் சாப்பிடலன்னா இப்படித்தான் ஆகும். பாக்குறவனுக்குக் குடிகாரன் மாதிரியே தெரியும். வேர்த்தா உடனே வண்டிய ஓரங்கட்டு, வெல்லத்த வாயில போடு, நல்லாத் தெளிஞ்ச பிறகு எடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே. வெல்லம் இல்லாம சீட்டுல ஏறாதேன்னு சொன்னேனா இல்லியா? ஏன்யா இல்லாமப் போச்சு?”

இயேசுதாசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “குடிச்சிருந்தேன். வேற எதுவும் கேக்காதீங்க.”

பெற்ற பெண்ணைப் பறிகொடுத்துவிட்டுத் தண்டனையைத் தேடி அலைகிறான் என்று டாக்டர் நினைத்தார். பாவம், அவர் மனசும் கலங்கித்தான் போயிருந்தது. இவன் என்ன உளறினாலும் சரி, சப் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் இயேசுதாசனின் மனைவி கிரேஸ் வந்துகொண்டிருந்தாள். பிணவறையில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாள். அழுது அழுது குரலே போயிருந்தது. நேரே புருஷனின் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

“பஸ்ஸுல வந்தவங்கல்லாம் சொல்றாங்க. குடிச்சியா நீ?”

“குடிச்சேன்” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. டாக்டரைப் பார்த்தாள்.

“கேட்டீங்களா டாக்டரய்யா? இவருக்கு சக்கர வெசம்னு நீங்கதான என்ன உக்காரவச்சி சொன்னீங்க. அன்னிலருந்து எங்க வூட்ல டீக்குக் கூட இனிப்பு கெடையாது. இன்னிக்கிக் காலையில பாக்குறேன், சட்டப்பையில வெல்லத்த மடிச்சி வச்சிக்கினு இருக்காரு, எனக்குத் தெரியாம. புடுங்கி எம் பாப்பா வாயில போட்டேன். அதத் துன்னுக்கினேதான் பஸ் ஏறினா. இவர அப்டி பொத்திப் பொத்திக் காப்பாத்துனேன். எம் பொண்ண வாரிக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு.”

உண்மைதான். அவளை உட்காரவைத்து டாக்டர் சொன்னது அந்த ஒன்றுதான். மீதியைப் புருஷனுக்கு மட்டும் சொல்லியிருந்தார், டிரைவருக்குத் தெரிந்தால் போதும் என்று.

அப்பாவு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். கட்டிலில் இயேசுதாசன், அவளுக்குத் தெரியாமல், டாக்டரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினான்.

குரல் கேட்டு சப் இன்ஸ்பெக்டர் எழுந்து கதவருகே வந்து நின்றார். “ஏமண்டி டாக்டர்காரு, தாகாடா, லேதா?” என்று, குடித்திருந்தானா இல்லையா என்பதைத் தெலுங்கில் கேட்டார்.

கிரேஸும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாய்யா, நீங்களே சொல்லுங்க. எனக்கு இன்னும் மனசு ஒப்பல. நெசமாவே குடிச்சிருந்தாரா, இல்ல ஒடம்புக்கு எதனா கோளாறா?”

டாக்டர் அவள் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தார்.

“ஆமாம்மா, குடிச்சுத்தான் இருந்தாரு.”