காலடி வெளிச்சம்

எட்டாவது நாளும் விமலாராணிக்கு விளக்கு எரியவில்லை.

சர்ச் வளாகத்தில் மாதா சிலை இருக்கும் குகைக் கோயிலான கெபிக்குப் போகும் பாதையில் ஒன்பது கற்கள் பதித்திருந்தார்கள். மேலே விழும் மிதியிலிருந்தே மின்சாரம் உண்டாகி, கெபியின் உச்சியில் இருக்கும் நீல விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும். இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் மெர்வின் போன மாதம்தான் அதைப் போட்டுக் கொடுத்தார். "மாதாவைத் தேடி வர்ற ஒவ்வொருத்தர் காலடியும் இனி வெளிச்சமாகும்" என்று ஃபாதர் பூசையில் சொன்னார்.

அவளுக்கு முன்னால் போன கிழவருக்கு எரிந்தது. பின்னாலேயே ஓடிய அவர் பேத்திக்கும் எரிந்தது. எல்லோரும் போன பிறகு விமலாராணி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, நேர்ந்துகொண்டபடியே ஒன்பது கற்களையும் கடந்து கெபியடிக்குப் போய்ச் சேர்ந்தாள். மேலே இருட்டாகவே இருந்தது.

நேர்ந்துகொண்டு கடந்த கற்களைத் திரும்ப மிதிக்கக் கூடாதென்று பக்கத்து மணல் வழியாக வெளியே வந்தாள். மதிலுக்கு வெளியே மெழுகுவத்தி விற்கும் ஜோஸ்லினுக்கு அங்கிருந்து விளக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏனுங்கக்கா, உள்ள போயி அரை மணி நேரமாச்சு, ஒரு மினுக்குக்கூடக் காணமுங்களே!" என்று சிரித்தாள் ஜோஸ்லின். "மாதாவோட ஏதாச்சும் சண்டைங்களா?"

விமலாராணி ஜெபமாலையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன் மேட்டுப்பாளையம் ரோட்டில், சைக்கிளில் போன பால்காரர் வேங்கடசாமியை ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் அவள் மகன் ஆஷ்லி. பைக் இப்போது காங்கேயத்தில், அவளுடைய தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. விசாரித்து வந்த போலீசிடம், "அன்னிக்குப் பையன் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தானுங்க" என்று சொன்னவள் அவள்தான்.

வேங்கடசாமி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அவர் பிழைக்க வேண்டும். மகனும் மாட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே நவநாளில், ஒன்பது நாள் வேண்டுதலில், கேட்டிருந்தாள்.

மறுநாள் காலை, வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல எதுக்கும்மா தெனமும் இப்படி அலையறே?" என்றான் ஆஷ்லி.

அவள் தெருவைப் பார்த்தாள். ஒரு பால்வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"சட்டையப் போட்டுட்டு வா, கண்ணு."

"எங்கம்மா?"

"ஸ்டேசனுக்கு."

"மூச்சு விடாதேன்னு நீதானம்மா சொன்ன?"

"சொன்னேன். ஊருக்கெல்லாம் எரியற வெளக்கு எனக்கு மட்டும் எரிய மாட்டீங்குது. மாதாவுக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு."

"அது வெறும் மிசினும்மா!"

"மிசினுன்னா மத்தவங்களுக்கு மட்டும் எப்படி எரியுது?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். பொத்தான் போடவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது போட்டுவிட்டதுபோல அவளே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

ஸ்டேஷனில் அவள்தான் முதலில் பேசினாள். பைக் இருக்கும் இடத்தைச் சொன்னாள், காய்ச்சல் என்று பொய் சொன்னதையும் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு அவனை உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மறைக்கும்வரை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வரை ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியிலேயே இருந்துவிட்டு, அங்கிருந்து நேராகக் கெபிக்கு வந்தாள். இன்று எரியும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மறைக்க இனி ஒன்றும் மிச்சம் இல்லை.

முதல் கல். இருட்டு. ஐந்தாவது கல்லிலும் இருட்டு. ஒன்பதாவது கல்லில் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எரியாத கண்ணாடிக் குமிழ் அப்படியே இருந்தது.

"இன்னும் என்ன தாயே வேணும்?" அடி வயிற்றிலிருந்து கத்தினாள். "பெத்த பிள்ளையவே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டனே!"

பாதையின் ஓரத்தில் பெட்டியைத் திறந்து மீட்டர் பார்த்துக்கொண்டிருந்த மெர்வின் பதறி ஓடி வந்தார். அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் தூக்கி நிறுத்தினார். அவள் கை மேலே விளக்கைக் காட்டியது. அவர் விளக்கைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், பிறகு ரத்தம் கசிந்திருந்த அவள் சேலையைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, முட்டி போட்டு ஊர்ந்து போனா இது எரியாதுங்க, நடந்து போகோணும்."