எதிர்பாராத சுரத்துக்கு ஒரு தேர்வு

மின்சாரத்தால் இசை எழுப்பும் சின்தசைசர் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரும் கருவி அனுப்பும் மின்னழுத்தம் ஏறினால், ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டரின் சுரம் ஏறும், இறங்கினால் இறங்கும்.

"பாடியதையே பாடி அலுத்துவிட்டது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவே கூடாது. அப்படி ஒருவர்தான் வேண்டும்" என்றது ஆசிலேட்டர்.

முதலில் நீலக் கருவியை வயரில் மாட்டிப் பார்த்தார்கள். ஆசிலேட்டர் தன் வாழ்நாளில் பாடாத ஒன்றைப் பாடியது.

"அதையே இன்னொரு முறை கொடுங்கள்" என்றது ஆசிலேட்டர்.

"அது போய்விட்டது. திருப்பிக் கொடுக்கத் தெரிந்திருந்தால் இந்த வேலைக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றது நீலம்.

அடுத்து வந்த பச்சைக் கருவியும் ஒரு சுர வரிசையை நன்றாகத்தான் கொடுத்தது. மறுபடி கேட்டபோது பிசகாமல் அதையே கொடுத்தது.

"இவரை நம்பலாம்" என்றது பக்கத்தில் ஒலியை வடிகட்டும் ஃபில்டர். ஆசிலேட்டரும் ஒப்புக்கொண்டது. நீலம், தான் வந்த அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போனது.

அதே வரிசையைச் சில வாரங்கள் பாடிய பிறகு ஒரு மாலை, ஆசிலேட்டர் தானாகவே அடுத்த சுரத்துக்குப் போய் நின்றது.

"நான் இன்னும் அனுப்பவே இல்லையே" என்றது பச்சை.

"தெரியும்" என்றது ஆசிலேட்டர்.