அபூர்வக் கட்டி

“மெடம், ஓடி வாங்க! இப்படியொரு கட்டிய நான் புத்தகத்திலயும் பார்த்ததில்ல!”

பயிற்சி டொக்டர் சிவதர்ஷன் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பித் துள்ளினான். சாப்பிட்டுக் கழுவிய கையைத் துடைத்தபடி வந்து குனிந்தார் ஆய்வுகூடத்தின் பெரிய டொக்டர் பிரஷாந்தி.

“கரடியனாறு வினாயகமூர்த்தி ஐயாட தொண்டைக் கட்டியில ஊசி குத்தி எடுத்தது மெடம். நீள்வட்டமா, கரு வச்ச கலங்கள் எவ்வளவு கிடக்கு பாருங்க! கொழும்புக்குச் சொல்லுவமா? ஐயா வெளியில நடுங்கிக்கொண்டு இரிக்கார்.”

பிரஷாந்தி நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்துத் தட்டில் மிஞ்சியிருந்த மற்றக் கண்ணாடி ஸ்லைட்டை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஐயாட ஸ்லைட் இதுதான். சாதாரண வீக்கம், புற்றுநோயே இல்ல! ஓடிப்போய்ச் சொல்லுங்க.”

“அப்ப நான் பார்த்தது?”

“அது கட்டியில்ல, வெறும் ரத்தம். மனிசர்ட சிவப்பு ரத்தக் கலத்துல கரு இரிக்காது. காலையில எதுல ஊசி குத்திப் பழகினீங்க?”

“சந்தையில வாங்கின... கோழிட கழுத்துல மெடம்.”

பிரஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

“சரி, அந்த அபூர்வ நோயாளி இப்ப எங்க?”

சிவதர்ஷன் தலையைச் சொறிந்தான்.

“மத்தியானம் நான் கொண்டு வந்த கறி நல்ல ருசியெண்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, மெடம்...”